மொட்டை மாடியில் இரண்டாவது ஆள்

இதைக் கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் அப்படியே படித்துவிட்டுப் போகலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இது 2025 ஜூன் 12-ஆம் தேதியிலிருந்து 20-ஆம் தேதி வரை எனக்கு நடந்தது. இதில் வரும் நேரங்கள் எல்லாம் சரியான நேரங்கள். என் வேலையில் தோராயமாக மணி சொல்லிப் பழக்கமே கிடையாது.

என் பெயர் ஜோனா. சிங்கப்பூரில் செங்காங் பகுதியில் இருக்கிறேன். ஆவி, பேய் என்று யாராவது ஆரம்பித்தால் முன்பெல்லாம் முதலில் சிரிப்பவன் நான்தான். இப்போது சிரிப்பதில்லை.

நிலம் நகர்வதை அளப்பது என் வேலை. இதைச் சொன்னதும் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். "சிங்கப்பூர் எங்கடா நகருது?" நகர்கிறது. வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர். சுமத்ரா பக்கம் பெரிய நிலநடுக்கம் வந்தால் நாம் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கும் துளி இடம் மாறித்தான் உட்கார்கிறது, நமக்குத் தெரிவதில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் கட்டடங்களின் உச்சியில் தூண் கட்டி, அதன் மேல் ஒரு ஆன்டெனா வைத்திருக்கிறோம். வானத்தில் சுற்றும் சாட்டிலைட்டுகளிடமிருந்து அது இரவும் பகலும் சிக்னல் வாங்கிக்கொண்டே இருக்கும். அதை வைத்துத் தூண் நிற்கும் இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் சொல்லிவிடலாம்.

ஆனால் ஒரு விஷயத்தை மனிதன்தான் கையால் அளக்க வேண்டும். தூணின் தலையில் பதித்த குறியிலிருந்து ஆன்டெனா எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை. அதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் வருஷக் கணக்கும் பிசகும். அதனால் எங்கள் பிரிவில் இரண்டு பேர் விதி உண்டு. ஒருவர் மேற்குப் பக்கம் நின்று மூன்று இடத்தில் அளந்து தாளில் எழுத வேண்டும். இன்னொருவர் கிழக்குப் பக்கம் நின்று, முதல் ஆளின் எண்ணைப் பார்க்காமல், மறுபடியும் அளக்க வேண்டும். தப்பு வந்தால் ரப்பர் கூடாது, ஒயிட்னர் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் நேரமும் கையெழுத்தும் போட வேண்டும்.

வெளியே சொல்லக் கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது ஆள் வராத நாளில் முதல் ஆளே இரண்டு பேருக்கும் எழுதிவிடுவான். ஒரு மில்லிமீட்டர் கூட்டியோ குறைத்தோ போட்டால் போதும், பார்க்க நிஜம் மாதிரியே இருக்கும். செய்தது நான் மட்டும் இல்லை. எல்லாரும் செய்வதுதான். இப்படிச் சொல்லும்போதே எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் இரண்டாவது ஆள் செரினா. நான்கு வருஷமாக என் ஜோடி. குள்ளம். வாய் மட்டும் நீளம். பாதுகாப்பு பூட்ஸ் அவளுக்கு எப்போதும் ஒரு சைஸ் பெரிது, டொக் டொக் என்று நடப்பாள். "உன் கண்ணு எப்பவும் ஒரு மில்லிமீட்டர் கம்மியாத்தான் பார்க்கும் லா" என்பாள். அவள் கணவன் ரோனியும் எனக்குப் பழக்கம். மகள் ஜோவன்னாவுக்கு ஏழு வயது.

ஜூன் 12, வியாழக்கிழமை. லிட்டில் இந்தியாவில் நான்கு மாடிப் பழைய கட்டடம் ஒன்றின் உச்சியில் எங்கள் ஸ்டேஷன், அதாவது அந்தத் தூணும் ஆன்டெனாவும், இருக்கிறது. அன்று அங்கே பழைய ஆன்டெனாவை எடுத்துவிட்டுப் புதியது வைக்க வேண்டும். பகலில் கீழே கடைகளில் கூட்டம் என்பதால் எங்களைச் சாயங்காலம்தான் விடுவார்கள். மாடிக் கதவுக்கு ஒரே சாவி. அது என்னிடம்தான்.

6:52-க்கு செரினாவின் குரல் செய்தி வந்தது.

"ஜோனா, சாரி லா. ஜோவன்னா இன்னைக்கு கொயர் ப்ராக்டிஸ்ல மொத தடவ தனியா பாடுறா. ரெண்டு வாரமா நான் போகல. கிளமெண்டிக்கு வந்துட்டேன், ரோனிக்குக்கூடத் தெரியாது. என் பேர்ல நீயே எழுதிடு, ப்ளீஸ்."

கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அனுப்பினேன். அவ்வளவுதான் என் பதில்.

தனியாக மேலே போனேன். ஆன்டெனாவை மாட்டினேன். சிக்னலைப் பதிவு செய்யும் ரிசீவரை முடுக்கினேன். 7:10-க்கு அளக்க ஆரம்பித்தேன். என் எண்கள், மில்லிமீட்டரில்: 112, 112, 113. பிறகு வேறு பேனா எடுத்து, செரினாவின் வரியில் 113, 113, 114 என்று எழுதினேன். அவள் கையெழுத்தையும் போட்டேன். முடித்த நேரம் 7:21. தாளை ரிசீவர் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, பக்கத்துத் தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் ரெண்டு தோசை சாப்பிட்டேன்.

8:34-க்கு ரோனி கூப்பிட்டான்.

தீவின் மேற்கே கிளமெண்டியில், கொயர் நடக்கும் சர்ச் வாசலுக்கு எதிரே ரோட்டைக் கடக்கும்போது லாரி. தலையில் அடி. போலீஸ் எழுதிய நேரம் 7:08. அறுவைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். கண் திறக்கவில்லை. திறப்பாளா என்று டாக்டர்களுக்கே தெரியவில்லை.

அதன்பின் எனக்கு வேறு நினைப்பே கிடையாது. செரினா கண் திறக்க வேண்டும். அம்மாவுக்காகக்கூட நான் அப்படி ஜெபித்ததில்லை.

தாளைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அதை யார் கேட்கப் போகிறார்கள்...

கேட்டார்கள். 17-ஆம் தேதி, செவ்வாய், காலை 10:15. எங்கள் தலைவர் டாக்டர் யாக்கூப் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"லிட்டில் இந்தியாவுல என்ன பண்ணி வச்சிருக்கீங்க ஜோனா?"

திரையில் வரைபடம். தினமும் சாயங்காலம் கிழக்குப் பக்கத்துச் சாட்டிலைட்டுகள் மூன்று மறைகின்றன. கொஞ்ச நேரத்தில் திரும்பி வருகின்றன. ஏதாவது குறுக்கே நின்றால் இப்படி ஆகும். நாங்கள் இதை நிழல் என்போம்.

"பக்கத்துல புதுசா தண்ணித் தொட்டி ஏதாவது வச்சிருப்பாங்க சார்."

"நேரத்தைப் பாருங்க."

பார்த்தேன். வெள்ளி 7:10 முதல் 7:21. சனி 7:10 முதல் 7:21. ஞாயிறும் அப்படியே. திங்களும் அப்படியே.

எங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. சாட்டிலைட்டுகள் அதே இடத்துக்குத் திரும்பி வருவது தினமும் நான்கு நிமிடம் முன்னதாகத்தான். குறுக்கே சுவரோ தொட்டியோ இருந்தால், நிழலும் நாளுக்கு நான்கு நிமிடம் முன்னால் நகர்ந்துகொண்டே போக வேண்டும். இது நகரவில்லை.

டாக்டர் யாக்கூப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது பொருள் இல்ல. யாரோ மணி பார்த்து வராங்க. சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டதான் சார்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லன்னா திங்கக்கிழமை நானே போய் ஒவ்வொண்ணா அளப்பேன்."

மறுநாள் புதன். அலுவலகத்தில் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு தரவை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். எந்தெந்தச் சாட்டிலைட் எந்தத் திசையில் எந்த உயரத்தில் மறைந்தது என்று தெரிந்தால், குறுக்கே நின்றது எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்று ஓரளவு கணக்குப் போடலாம். போட்டேன்.

தூணுக்குக் கிழக்கே, அறுபது சென்டிமீட்டர் தள்ளி. இரண்டாவது ஆள் நிற்க வேண்டிய இடம்.

உயரம், 1 மீட்டர் 57.

பாதுகாப்பு பெல்ட்டுக்காக நாங்கள் நிரப்பும் படிவத்தில் செரினாவின் உயரம் இருக்கும். எடுத்துப் பார்க்கத் தேவையே இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் எடுத்துப் பார்த்தேன். 157.

பிறகு 12-ஆம் தேதியின் தரவைத் திறந்தேன். நான் அங்கே நின்ற அந்தப் பதினோரு நிமிடம். என் நிழல் மேற்கே விழுந்திருந்தது. அது சரிதான்.

கிழக்கேயும் ஒரு நிழல் இருந்தது.

நான் தனியாக இருந்தேன்... எனக்கு எதிரே யாரும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், யாருமே இல்லை.

வியாழன் காலை 11 மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். செரினாவின் வாயில் குழாய். தலை முழுக்கக் கட்டு. ரோனி ஒரு வாரமாகச் சவரம் செய்யாமல் உட்கார்ந்திருந்தான்.

"அவ உன்கூட லிட்டில் இந்தியாலதானே இருந்தா? எப்படிடா கிளமெண்டிக்கு வந்தா?"

"வேலை சீக்கிரம் முடிஞ்சிடுச்சு" என்றேன்.

பொய்க்கு மேல் பொய். அவன் தலையை ஆட்டிக்கொண்டான். என்னை நம்பினான். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. உடம்பு இங்கே கிடக்கிறது. பெயரை நான் அங்கே எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அவள் எந்த இடத்தில் இருப்பாள்? நான் எழுதியதால்தான் அங்கே போய் நிற்கிறாள். அந்த வரியை அடித்துவிட்டால் அங்கிருந்து விடுபடுவாள். உடம்புக்குத் திரும்புவாள். கண் திறப்பாள்.

படித்தவன் நினைக்கிற நினைப்பா இது? எனக்கும் தெரியும். ஆனால் அந்த வாரம் எனக்கு அது கணக்கு மாதிரித் தெளிவாக இருந்தது.

ஜூன் 20, வெள்ளி. சாயங்காலம் 6:50. மேல் மாடியில் குடியிருக்கும் வடிவேலு அண்ணன் படிக்கட்டில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். கீழே பூக்கடை வைத்திருப்பவர், அதிகம் பேசமாட்டார்.

"தம்பி, மேல தினமும் யாரை அனுப்புறீங்க?"

"யாரையும் அனுப்பலண்ணே."

"பூட்ஸ் சத்தம் கேக்குது. ஏழு, ஏழே காலுக்கு. அப்புறம் டேப்பு இழுக்குற மாதிரி சர்ருன்னு."

"நீங்க போய்ப் பாத்தீங்களா?"

"கதவு வெளியில பூட்டிக் கிடக்கு. நான் ஏன் போறேன்?"

பூட்டைத் திறந்தேன். நான் போட்ட பூட்டுதான். நான் போட்டபடியே இருந்தது.

மாடியில் யாரும் இல்லை. நாலு மணி மழையின் தண்ணீர் தூணைச் சுற்றித் தேங்கிக் கிடந்தது. கீழே சிராங்கூன் ரோட்டுக் கூட்டத்தின் இரைச்சல். கோயில் மணி. நான் தூணுக்கு மேற்கே கீழே உட்கார்ந்து, லேப்டாப்பை ரிசீவரோடு இணைத்தேன். உட்கார்ந்தால் என் தலை ஆன்டெனாவுக்குக் கீழே இருக்கும், என் நிழல் விழாது. திரையில் சாட்டிலைட்டுகள் பச்சைப் புள்ளிகளாகத் தெரிந்தன. பெட்டியைத் திறந்து தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

7:08. பதினொரு புள்ளிகள். எல்லாம் பச்சை.

7:09. எல்லாம் பச்சை.

7:10.

கிழக்கே ஒரு புள்ளி சாம்பல் நிறமானது.

இன்னொன்று.

மூன்றாவது...

நிமிர்ந்து பார்த்தேன். தூணுக்கு எதிரே ஒன்றும் இல்லை. கைப்பிடிச் சுவர், அதற்கு அப்பால் வானம், அவ்வளவுதான்.

டொக்.

டொக்.

எனக்குப் பின்னால் இல்லை, எதிரே. ஆறடிக்குள்.

தேங்கிய தண்ணீரில் வளையம் விழுந்தது. ஒரு வளையம். பக்கத்தில் இன்னொரு வளையம். இரண்டு கால் வைக்கிற இடைவெளி.

சர்ர்ர்ர்... டக்.

ஸ்டீல் டேப் இழுத்து நிறுத்தும் சத்தம். ஆயிரம் தடவை கேட்ட சத்தம்தான். என் டேப் பைக்குள் இருந்தது.

பின்னால் பள்ளிவாசலில் பாங்கு லேசாகக் கேட்டது. 7:13.

சர்ர்ர்ர்... டக்.

இரண்டாவது அளவு.

ஓடியிருக்கலாம். அவள் முகம் ஞாபகம் வந்தது, குழாயோடு. ஓடவில்லை.

"செரினா."

சத்தம் நின்றது.

"நான் எழுதினது பொய். நீ இங்க வர வேண்டியதே இல்ல. போ. பிள்ளைகிட்ட போ."

தண்ணீர் அசையவில்லை. மூன்று புள்ளிகளும் சாம்பலாகவே இருந்தன.

பேனாவை எடுத்தேன். அவள் வரியின் மேல் வைத்தேன். அப்போது...

தாள் அசைந்தது.

காற்று இல்லை. எதிர்ப்பக்கம் இருந்து யாரோ ஓரத்தைப் பிடித்து மெதுவாக இழுத்தார்கள். பிடுங்கவில்லை. ஒரே ஒரு சின்ன இழுப்பு.

பயத்தில் நான் இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

ஒற்றைக் கோடு போட்டேன்.

பக்கத்தில் நேரம். 7:14.

கையெழுத்து.

பச்சை. பச்சை. பச்சை.

மூன்றும் திரும்பி வந்தன. முதல் தடவையாக 7:21-க்கு முன்னால். தாளை யாரும் பிடித்திருக்கவில்லை. நான் அங்கேயே தண்ணீரில் மண்டியிட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன். போய்விட்டாள், பிள்ளையிடம் போய்விட்டாள் என்று வாய்விட்டே சொன்னேன். தாளைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுக் கீழே வந்தேன்.

7:31-க்கு ரோனியின் அழைப்பு வந்தது. "கண் திறந்துட்டாளா?" என்று நானே முதலில் கேட்டுவிட்டேன். பிறகு அவனுடைய அக்கா போனை வாங்கி, செரினா போய்விட்டாள் என்று சொன்னார்.

திங்கட்கிழமை அடக்கம். சாயங்காலம் டாக்டர் யாக்கூப் சொன்னபடியே லிட்டில் இந்தியாவுக்குப் போனார். என்னிடம் சாவி மட்டும் வாங்கிக்கொண்டார். மறுநாள் அலுவலகத்தில் என் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"மூணு தடவ அளந்தேன். 113, 113, 114. நீங்கதான் தப்பா அளந்திருக்கீங்க ஜோனா. செரினா சரியா அளந்திருக்கா. அவ வரியை ஏன் அடிச்சீங்க?"

அந்த எண்கள் நானாகப் போட்டவை. அவள் அளக்கவில்லை, நான் மனதுக்குத் தோன்றியதை எழுதினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படித்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை அந்த ஸ்டேஷனில் நிழல் விழவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரோனி வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். தாளைப் பற்றி, பொய்யைப் பற்றி, அவள் ஏன் கிளமெண்டிக்கு வந்தாள் என்பதைப் பற்றி. ஜோவன்னா தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். ரோனி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் ஆரம்பிப்பதற்கு முன் அவனே பேச ஆரம்பித்தான்.

"உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். அவ அப்படியே கிடக்கலடா. ரெண்டாவது நாள்லேர்ந்து சாயங்காலம் ஆனா வலது கை விரல் அசையும். ஏதோ பிடிச்சு இழுக்குற மாதிரி. பத்துப் பதினோரு நிமிஷம். நர்ஸ் தினமும் நேரம் எழுதி வச்சாங்க, ஏழு பத்துக்கு ஆரம்பிக்கும். டாக்டர் நல்ல அறிகுறின்னாரு. ஆசையைக் கிளப்ப வேணாம்னு யார்கிட்டயும் சொல்லல."

நான் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"கடைசி நாள் ஜோவன்னாவைக் கூட்டிட்டுப் போனேன். அன்னைக்கும் ஏழு பத்துக்கு ஆரம்பிச்சது. இவ அவ கையைப் பிடிச்சுக்கிட்டுப் பாடினா. செரினா கண்ணைத் திறந்தாடா. நிஜமா. இவளைப் பார்த்தா. நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினாங்க..."

ஜோவன்னா படத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"அம்மா என் கையைக் கெட்டியாப் பிடிச்சாங்க அங்கிள். அப்புறம் யாரோ இழுத்த மாதிரி விட்டுட்டாங்க."

"மணி என்ன இருக்கும்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஏழு பதினாலு" என்றான் ரோனி.

சொல்ல வந்ததை நான் சொல்லவில்லை. காப்பியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தேன்.